டிப்ளோமாவிலிருந்து பட்டத்திற்கு: கிண்ணியாத் தாதியர் கடக்க வேண்டிய தூரம்

அரசாங்க வைத்தியசாலை விடுதியொன்றில் வெண்ணிறச் சீருடையுடன் நடமாடும் தாதியை நமது மக்கள் 'மிஸ்' என்று அழைக்கின்றனர். ஊசி போடுபவர், மருந்து தருபவர், பார்வையாளர் நேரம் முடிந்ததும் நம்மை வெளியே அனுப்புபவர் என்ற அளவிலேயே அவரைப் பற்றிய பலரது அறிவு நின்றுவிடுகின்றது. க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியடைந்து, தாதியர் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் முழுநேரமாகக் கற்று, பரீட்சையில் தேறி, 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான தாதியர் சபையிற் பதிவு செய்துகொண்ட பின்னரே அவர் அந்தச் சீருடையை அணிகின்றார். அவ்வளவும் முடிந்த பிறகும் அவரது கையில் இருப்பது டிப்ளோமாச் சான்றிதழேயன்றிப் பட்டம் அன்று. ஏறத்தாழ அதே காலத்தைப் பல்கலைக்கழகமொன்றில் கலைப்பாடங்களில் செலவிட்ட எம்போன்றோர் பட்டதாரிகள் என்று சொல்லிக்கொள்கின்றோம். இரவு முழுவதும் கண்விழித்து உயிர் காக்கும் அவரோ, உலக அளவுகோலின்படி இன்னும் ஒருபடி கீழேயே வைக்கப்பட்டிருக்கின்றார்.

ஏற்கெனவே பதிவு பெற்றுப் பணியாற்றும் தாதியர், தாம் கற்ற டிப்ளோமாவின் மீது மேலும் சில ஆண்டுகள் கற்றுத் தாதியியலில் விஞ்ஞானமாணிப் பட்டத்தை நிறைவு செய்யும் வழி உலகின் பல நாடுகளிலும் உண்டு. இலங்கையிலும் உண்டு. ஆயினும், அந்த வழி கிண்ணியாவிலிருந்து புறப்படும் ஒருவருக்கு எத்தகையது என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் விடயம். திருகோணமலைத் துறைமுகத்தின் தென்புறமாக, கொட்டியார் குடாவையும் தம்பலகாமத்து வயல்களையும் அயலாகக் கொண்ட இந்த ஊரை நாம் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கின்றது. தாதி ஒருவரின் அறிவு எவ்வளவு பெறுமதி வாய்ந்தது என்பதை இலங்கையின் வேறெந்த ஊரையும்விடக் கிண்ணியா கசப்பான முறையில் அறிந்து வைத்திருக்கின்றது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கியபோது கிண்ணியா வைத்தியசாலையும் அதற்கு இரையானது. காயப்பட்டோர் தேடிவர வேண்டிய இடமே சிதைந்து கிடந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்தபோது, பாடசாலைக்குப் புறப்பட்ட சிறார்களை ஏந்திக்கொண்டு பெற்றோர் ஓடிவந்தது இங்குள்ள ஆதார வைத்தியசாலைக்கே. இவ்விரு துயரங்களுக்கும் இடையே 2017ஆம் ஆண்டின் டெங்கு வந்தது. அவ்வாண்டு நாடு முழுவதிலும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவாகினர்; நானூறுக்கும் அதிகமானோர் மாண்டனர். அந்தப் பேரலை முதலில் மோதிய இடங்களில் ஒன்று கிண்ணியா. மார்ச் மாதத்தில் இங்கு பாடசாலைகள் மூடப்பட்டன. கட்டில்கள் போதாமல் நோயாளர்கள் திருகோணமலைக்கு அனுப்பப்பட்டனர். சில வாரங்களுக்குள் பத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பிரிந்தன. அந்நாட்களைக் கண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கின்றனர்.

டெங்கு நோயாளி ஒருவருக்கு என்ன நடக்கின்றது என்பதைச் சற்று விரிவாக நோக்கினால், தாதியின் கல்வி பற்றிய வாதம் தானாகவே துலங்கும். காய்ச்சல் தணியத் தொடங்கும் வேளையிலேயே டெங்குக் குருதிப்பெருக்குக் காய்ச்சலின் ஆபத்தான கட்டம் ஆரம்பமாகின்றது. குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்குகின்றது. இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலங்கள் வரை நீடிக்கும். வீட்டார், காய்ச்சல் விட்டது என்று அல்ஹம்துலில்லாஹ் சொல்லி ஆறுதலடையும் நேரம் அதுவே. இக்காலத்தில் நோயாளிக்குக் கொடுக்கும் திரவம் குறைந்தால் அதிர்ச்சி நிலை ஏற்படும். கூடினால் நுரையீரலைச் சுற்றித் திரவம் தேங்கி மூச்சுத் திணறும். 50 கிலோகிராம் எடையுள்ள வளர்ந்தவர் ஒருவருக்கு அந்தக் கட்டம் முழுவதற்குமாகக் கணக்கிடப்படும் அளவு ஏறத்தாழ 4,600 மில்லிலீற்றர். அதை எந்த மணித்தியாலத்தில் எவ்வளவு என்று கூட்டியும் குறைத்தும் செலுத்த வேண்டும்.

இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் இடையிலான வேறுபாடு சுருங்கி 20 ஆகிவிட்டால் நோயாளி அதிர்ச்சி நிலைக்குள் நுழைந்துவிட்டார் என்று பொருள். ஆனால் அந்த நேரத்திலும் அவர் எழுந்திருந்து பேசிக்கொண்டிருப்பார். மேல் எண் 100 என்று காட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். கீழ் எண் 80க்கு ஏறியிருப்பதை, கைகால்கள் குளிர்ந்திருப்பதை, கடந்த மணித்தியாலத்தில் கழிந்த சிறுநீரின் அளவு குறைந்திருப்பதைச் சேர்த்துப் படித்து, இப்பொழுதே வைத்தியரை எழுப்ப வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? அதிகாலை மூன்று மணிக்கு, நாற்பது கட்டில்களுக்கு இடையில் நிற்கும் தாதியே. வைத்தியரின் கட்டளையை நிறைவேற்றுபவர் தாதி என்ற பழைய வரைவிலக்கணம் அந்த மூன்று மணிக்கு உதவாது. அவர் அளக்கின்றார், ஒப்பிடுகின்றார், ஐயுறுகின்றார், தீர்மானிக்கின்றார். இவை அனைத்தும் சிந்தனைக்குரிய தொழில்கள்.

நமது டிப்ளோமாத் தாதியர் இவற்றைச் செய்ய வல்லவர்கள் அல்லர் என்று நாம் கூற வரவில்லை. 2017இல் கிண்ணியாவில் உயிர்களைக் காத்தவர்களிற் பெரும்பாலோர் டிப்ளோமாத் தாதியரே. அனுபவம் மிக்க ஒரு விடுதிச் சிஸ்டரின் கண்ணுக்கு ஈடான கருவி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. எனினும், பட்டக்கல்வி எதைக் கூட்டுகின்றது என்ற வினாவுக்கு ஆய்வுலகம் தந்துள்ள விடையையும் புறந்தள்ள முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டா ஏய்க்கனும் அவரது சகாக்களும் அம்மாநிலத்தின் 168 வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சை பெற்றவர்களின் தரவுகளை ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இது: பட்டம் பெற்ற தாதியரின் விகிதம் நூற்றுக்குப் பத்து உயரும்போது, நோயாளர் முப்பது நாட்களுள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து குறைந்திருந்தது. பின்னர் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில், நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2014இல் வெளியான ஆய்வில் அந்த எண் நூற்றுக்கு ஏழு என்று காணப்பட்டது.

இத்தகைய எண்களை மேற்கோள் காட்டும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. பட்டதாரித் தாதியர் அதிகமுள்ள வைத்தியசாலை வேறு வசதிகளிலும் முன்னணியில் இருக்கக்கூடும். ஆய்வாளர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தாலும் ஐயம் முற்றாகத் தீர்வதில்லை. மேலும், அதே ஐரோப்பிய ஆய்வு இன்னொன்றையும் கூறிற்று. ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளரின் எண்ணிக்கையில் ஒன்று கூடினால் மரண வாய்ப்பு நூற்றுக்கு ஏழு உயர்கின்றது என்பதே அது. நமது அதிகாரிகள் முதலாவது முடிவை மேடைகளில் எடுத்துரைப்பர். இரண்டாவதைப் பற்றி வாய் திறக்கமாட்டார்கள். ஆளணியை நிரப்பாமல் இருக்கின்ற தாதியரை மட்டும் பட்டதாரிகளாக்கினால் போதும் என்று எவரேனும் கருதினால், அது பாதி உண்மையைக் கொண்டு முழு வைத்தியசாலையை நடத்த முனைவதாகும்.

இலங்கையில் தாதியர் கல்வியின் வரலாறு நீண்டது. அரசாங்கத்தின் முதலாவது தாதியர் கல்லூரி கொழும்பில் 1939ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அடுத்து வந்த பல தசாப்தங்களில் மேற்படிப்பு என்றால், விடுதி முகாமைத்துவத்துக்கும் கற்பித்தலுக்கும் பயிற்சி தரும் அடிப்படைக்குப் பிந்திய கற்கைகளே இருந்தன. பட்டம் என்ற கதவைத் திறந்தது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம். கனடாவின் அதாபஸ்காப் பல்கலைக்கழகத்தின் துணையுடனும் கனேடிய அரசாங்கத்தின் நிதியுதவியுடனும் 1994இல் அது தாதியியல் விஞ்ஞானமாணிக் கற்கைநெறியை ஆரம்பித்தது. நாட்டின் முதலாவது தாதியர் பட்டம் அதுவே. அது பள்ளி முடித்து வரும் மாணவருக்காக வகுக்கப்பட்டதன்று. பணியிலிருக்கும் பதிவு பெற்ற தாதியருக்காகவே வகுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதாபஸ்காவும் தொலைக்கல்விப் பல்கலைக்கழகமே. பனி மூடிய கனேடியச் சிற்றூர்களில் பரந்து கிடக்கும் மாணவருக்குக் கற்பிக்கக் கண்ட முறை, நமது வரண்ட வலயத்துத் தாதியருக்கும் பொருந்தும் என்று எண்ணியவர்களின் தூரநோக்கு பாராட்டுக்குரியது.

அதன் பின் பத்தாண்டுகள் கழித்தே, 2000களின் நடுப்பகுதியில், ஸ்ரீ ஜயவர்தனபுர, பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் நான்கு ஆண்டு உள்வாரித் தாதியியற் பட்டங்கள் வந்தன. மட்டக்களப்பில் அமைந்த கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மருத்துவத்துடன் தாதியியலையும் கற்பிக்கின்றது. கொழும்புப் பல்கலைக்கழகம் தாதியியலுக்கென்றே தனிப்பீடம் கண்டுள்ளது. இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. ஆனால் இவற்றின் வாயில் உயர்தரப் பரீட்சையின் வெட்டுப்புள்ளி. முப்பத்தைந்து வயதில், இரண்டு பிள்ளைகளுடன், பன்னிரண்டு வருடச் சேவையுடன் கிண்ணியாவில் இருக்கும் தாதிக்கு இவ்வாயில் திறக்காது. அவருக்குரியது பெரும்பாலும் திறந்த பல்கலைக்கழகத்தின் வாயிலே. அல்லது பெருந்தொகைக் கட்டணம் அறவிடும் தனியார் நிறுவனங்களின் வாயில். பின்னதைப் பற்றிச் சொல்வதானால், வெளிநாட்டுப் பட்டம் என்று விளம்பரம் செய்யும் நிறுவனத்தில் பணத்தைக் கட்டுமுன், அந்தப் பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் தாதியர் சபையும் ஏற்குமா என்று எழுத்தில் கேட்டறிந்துகொள்வது அறிவுடைமை. சுகாதார அமைச்சு அதைப் பதவியுயர்வுக்குக் கணக்கெடுக்குமா என்பது வேறு கேள்வி. அதையும் தனியே கேட்க வேண்டும்.

இனி, கிண்ணியாத் தாதி ஒருவரை மனக்கண் முன் நிறுத்திப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு இரவுக் கடமையை ஏற்கின்றார். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு விடுதியை ஒப்படைக்கின்றார். அன்று முற்பகல் அவர் பயிலரங்கொன்றில் அமர்ந்திருக்க வேண்டும். அது மட்டக்களப்பில் என்றால் நூறு கிலோமீற்றருக்கு மேல்; கொழும்பில் என்றால் ஏறத்தாழ 250 கிலோமீற்றர். ஞாயிறு மாலை திரும்பி வந்து திங்கட்கிழமைக் கடமைக்கு ஆயத்தமாக வேண்டும். இடையில் ஒப்படை எழுத வேண்டும். பிள்ளையின் பாடசாலைச் சப்பாத்தைக் கழுவ வேண்டும். கடமை அட்டவணையை மாற்றிக் கொடுப்பதற்குச் சக தாதியொருவர் மனம் வைக்க வேண்டும். அவரும் அதே கற்கைநெறிக்குப் பதிந்திருந்தால் அந்த மனமும் உதவாது. விடுதிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் மாட்டேன் என்று சொன்னால் அவரையும் குறைகூற முடியாது. ஆளில்லாத விடுதியை அவர் எதைக் கொண்டு நடத்துவார்?

போக்குவரத்து முன்னர் இதைவிடவும் கடினமாக இருந்தது என்பதை இளைய வாசகர்களுக்கு நினைவூட்டலாம். 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை இவ்வூர் மக்கள் திருகோணமலைக்குச் செல்ல நீரைக் கடந்தது 'பாதை'யிலேயே. (வாகனங்களையும் மனிதர்களையும் ஏற்றிச் செல்லும் மிதவையைப் பாதை என்று அழைப்பது கிழக்கின் வழக்கு. தரைவழியைக் குறிக்கும் சொல் நீரில் மிதப்பது தென்னிந்திய வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம்.) நாமும் அந்தப் பாதைக்காக வெயிலிற் காத்து நின்றதுண்டு. சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் அமைந்த இப்பாலமும், அடுத்த ஆண்டுகளில் மூதூர் வழியாக மட்டக்களப்புக்குச் செல்லும் வீதியில் அமைந்த ஏனைய பாலங்களும் வந்த பிறகே, கிண்ணியாவிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரே நாளில் சென்று திரும்புவது இயல்பான காரியமாயிற்று. அதற்கு முன், ஹபரணையும் பொலன்னறுவையும் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது.

பணத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. தாதியரின் அடிப்படைச் சம்பளம் குடும்பத்தைத் தாங்குவதில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவும் விடுமுறை நாள் கொடுப்பனவும் சேர்ந்தே தாங்குகின்றன. படிப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளும் தாதி, அந்த நாளின் மேலதிகக் கொடுப்பனவை இழக்கின்றார். ஆகவே பல்கலைக்கழகம் அறவிடும் கட்டணம் அவர் செலுத்தும் விலையின் ஒரு பகுதி மட்டுமே. பயணச் செலவு, தங்குமிடம், இழந்த மேலதிக நேரம் ஆகியவற்றைக் கூட்டினால் கட்டணம் சிறிதாகிப் போகும். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பஸ் கட்டணமும் பால்மாவும் ஏறிய வேகத்தில், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் படிப்பை இடைநடுவில் நிறுத்தியவர்கள் சோம்பேறிகள் அல்லர்.

அடுத்தது மொழி. கற்கைநெறி ஆங்கிலத்தில் நடைபெறுகின்றது. உயர்தரம் வரை தமிழிற் கற்ற ஒருவர், விடுதியில் மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் ஆங்கிலத்தில் சொல்லப் பழகியிருப்பார். ஆனால் ஆய்வுக் கட்டுரையொன்றைப் படித்து, அதன் புள்ளிவிபரத்தை எடைபோட்டு, ஐந்து பக்கங்களில் விமர்சனம் எழுதுவது வேறு விதமான ஆங்கிலம். ஒரு துறையின் மேற்கல்விக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை நாம் எதிர்க்கவில்லை; உலகின் தாதியியல் நூல்கள் அம்மொழியிலேயே குவிந்துள்ளன. எனினும், 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்டோருக்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார் என்பதையும், அவர்களிற் கணிசமானோருக்குத் தமிழிலேயே கற்பித்து, அதற்கெனக் கலைச்சொற்களையும் நூல்களையும் ஆக்குவித்தார் என்பதையும் எண்ணும்போது, நாம் முன்னேறியிருக்கின்றோமா பின்னேறியிருக்கின்றோமா என்ற ஐயம் எழாமலில்லை. பட்டத்தையே தமிழில் நடத்த வேண்டும் என்பதில்லை. முதலாம் ஆண்டிற் கடினமான பகுதிகளுக்குத் தமிழ் விளக்கக் கையேடு ஒன்றையேனும் வழங்கலாம். அது செலவு மிகுந்த காரியமும் அன்று.

கிண்ணியாவைப் பற்றிப் பேசும்போது சொல்லாமல் விடமுடியாத இன்னொரு விடயம் உண்டு. பெரும்பான்மையாக முஸ்லிம்கள் வாழும் இப்பிரதேசத்தில், முஸ்லிம் பெண்கள் ஆசிரியத் தொழிலுக்குச் செல்லும் அளவுக்குத் தாதியர் தொழிலுக்குச் செல்வதில்லை. இரவுக் கடமை, வெளியூர் விடுதி வாழ்க்கை, சீருடை, ஆண் நோயாளர் எனப் பல தயக்கங்கள் குடும்பங்களில் எழுகின்றன. இத்தயக்கங்களை ஏளனம் செய்வது எமது நோக்கமன்று. மகளைப் பெற்றவரின் கவலை நியாயமானதே. ஆனால், தமது மனைவியருக்கும் தாய்மாருக்கும் பிரசவ விடுதியில் பெண் தாதியே வேண்டும், அவர் தமது மொழி பேசுபவராகவும் தமது வழக்கங்களை அறிந்தவராகவும் இருத்தல் வேண்டும் என்று எதிர்பார்க்கும் ஒரு சமூகம், அந்தத் தாதியைத் தன் வீட்டிலிருந்து அனுப்பத் தயங்கினால், அவர் எங்கிருந்து வருவார்? கிழக்கு வைத்தியசாலைகளுக்குத் தென்பகுதியிலிருந்து நியமனம் பெற்று வரும் தாதியர் மனமுவந்து சேவை செய்தாலும், மொழி தெரியாமல் நோயாளியின் வலியைச் சைகையாற் கேட்டறியும் நிலையே பல சமயங்களில் நிலவுகின்றது. இடமாற்றம் கிடைத்ததும் அவர்கள் ஊர் திரும்புவது மனித இயல்பு.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு முன்மாதிரி இல்லாமலில்லை. ருபைதா அல்-அஸ்லமிய்யா (ரழி) என்ற அன்ஸாரிப் பெண்மணி, அகழ்ப் போரின்போது மதீனாப் பள்ளிவாசலிற் கூடாரம் அமைத்துக் காயமடைந்தோரைப் பராமரித்தார். ஸஃத் இப்னு முஆத் (ரழி) காயமுற்றபோது அவரை அந்தக் கூடாரத்தில் வைத்துப் பார்க்கும்படி நபியவர்கள் (ஸல்) பணித்தார்கள். கிரிமியப் போர்க்களத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் விளக்கேந்துவதற்கு ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட நிகழ்ச்சி இது. அண்மைக் காலத்தில் நோக்கினால், கராச்சியில் ஆகா கான் பல்கலைக்கழகம் 1980இல் தாதியர் கல்லூரியைத் தொடங்கியபோது அங்கும் இதே தயக்கங்கள் இருந்தன. டிப்ளோமாத் தாதியருக்கான இரண்டு வருடப் பட்டநிறைவுக் கற்கையை 1988இல் அது ஆரம்பித்தது. தாதி பட்டதாரியாகிப் பின்னர் விரிவுரையாளராகவும் ஆகலாம் என்று கண்ட பிறகே, அத்தொழில் மீதான குடும்பங்களின் பார்வை மாறத் தொடங்கியது. கிண்ணியா முஸ்லிம் மகளிர் கல்லூரியிலும் கிண்ணியா மத்திய கல்லூரியிலும் உயிரியல் கற்று, மருத்துவ பீட வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் குறைந்த மாணவியரைப் பெற்றோர் என்ன செய்கின்றார்கள் என்று சிந்தித்தால், பட்டம் என்ற சொல்லுக்கு இங்கு இருக்கும் வலிமை புரியும்.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதம் எழுகின்றது. பட்டம் பெற்ற தாதி வெளிநாடு போய்விடுவார். நமது வரிப்பணத்திற் கற்றவர் ரியாத்திலோ தோஹாவிலோ சேவை செய்வார் என்பதே அது. இவ்வாதத்தில் உண்மை இருக்கின்றது. சவூதி அரேபியாவின் சுகாதாரத் தொழில் வகைப்படுத்தலில் டிப்ளோமாத் தாதி தொழில்நுட்பவியலாளர் தரத்திலும், பட்டம் பெற்றவர் நிபுணர் தரத்திலும் வைக்கப்படுகின்றனர். சம்பளம் அதற்கேற்ப வேறுபடுகின்றது. வளைகுடாவில் உறவினர் இல்லாத வீடு கிண்ணியாவில் அரிது. ஆகவே இந்த வேறுபாட்டை எவரும் தாதியருக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆனால் 2022இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, அரச ஊழியர் சேவைமூப்பும் ஓய்வூதியமும் பாதிக்கப்படாமல் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்று 14/2022ஆம் இலக்கச் சுற்றறிக்கையை வெளியிட்டது அரசாங்கமே. போவதற்கு ஐந்து ஆண்டுகள் விடுமுறை வழங்கிய கை, இங்கேயே இருந்து படிப்பதற்கு வாரத்தில் ஒரு நாள் வழங்கத் தயங்குவது விந்தையானது.

அதுமட்டுமன்று. பட்டத்துடன் திரும்பி அதே விடுதிக்கு வரும் தாதிக்கு இங்கு என்ன காத்திருக்கின்றது? அதே கடமை அட்டவணை, அதே சீருடை, ஏறத்தாழ அதே சம்பளம். ஆராய்ச்சி செய்யக் கற்றவருக்கு ஆராய்ச்சிக்கு நேரமில்லை; நோயாளர் கல்வியிற் சிறப்புப் பெற்றவருக்கு அதற்கு ஓர் அறை இல்லை. வெளியேறத் தூண்டுவது பட்டமன்று. பட்டத்துக்குப் பின் இடம் இல்லாமையே. நீரிழிவு சிகிச்சை நிலையம் ஒன்றைப் பட்டதாரித் தாதியின் பொறுப்பில் விடலாம். கிண்ணியாவில் அதற்கு வேலை குறையாது. சோறும் சீனித் தேநீரும் விருந்தோம்பலும் மிகுந்த நமது ஊர்களில், காற்புண்ணுடன் வந்து விரலை இழந்து திரும்புவோரை நாம் எல்லோரும் அறிவோம். புண்ணை ஆற்றுவதும், நோன்பு காலத்தில் இன்சுலின் அளவை வைத்தியரின் வழிகாட்டலுடன் எப்படி மாற்றுவது என்று தமிழில் விளக்குவதும் தாதியியலின் உயர்ந்த பணிகள்.

பிற நாடுகள் இரு வழிகளைக் கையாண்டுள்ளன. ஒன்று கட்டாயம். நியூயோர்க் மாநிலம் 2017 டிசம்பரில் இயற்றிய சட்டத்தின்படி, புதிதாகப் பதிவு பெறும் தாதியர் பத்து ஆண்டுகளுள் பட்டத்தை நிறைவு செய்தல் வேண்டும். ஏற்கெனவே பதிவு பெற்றிருந்தவர்களுக்கு விலக்களிக்கப்பட்டது. மற்றையது வசதி. இந்தியாவில் டிப்ளோமாத் தாதியருக்கான பட்டநிறைவுக் கற்கைகள் நீண்டகாலமாக நடைபெறுகின்றன. இந்திரா காந்தி தேசிய திறந்த பல்கலைக்கழகம் தொண்ணூறுகளிலிருந்து அதனைத் தொலைக்கல்வி வாயிலாக வழங்கியது. கட்டாயம் நமக்குப் பொருந்தாது என்பதே எமது கருத்து. வசதியில்லாத இடத்திற் கட்டாயம் விதித்தால், கொழும்பிலும் கண்டியிலும் இருப்போர் முந்துவர். கிண்ணியாவும் மூதூரும் மன்னாரும் பின்தங்கும். அவ்வூர்த் தாதியரின் பதவியுயர்வும் அதனாற் பறிபோகும்.

வசதி என்று நாம் கூறுவது பெருந்திட்டமன்று. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் செய்முறைப் பயிற்சிகளைப் பூர்த்தி செய்ய இடமளிக்கலாம்; கட்டில்களும் நோயாளரும் அனுபவம் மிக்க வைத்திய நிபுணர்களும் அங்கு உள்ளனர். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் சித்த மருத்துவம் கற்பிக்கின்றது. விரிவுரை மண்டபமும் நூலகமும் கொண்ட அந்த வளாகத்தை வார இறுதிகளில் தாதியர் பயிலரங்குகளுக்குத் தருவதற்கு இரண்டு பல்கலைக்கழகங்களின் கையொப்பம் போதும். கொவிட் காலத்தில் விரிவுரைகளை இணையவழி நடத்திப் பழகிய பின்னரும், கோட்பாட்டுப் பாடங்களுக்காக ஒரு தாய் இரவுப் பஸ்ஸில் கொழும்பு செல்ல வேண்டும் என்று வற்புறுத்துவது பொருத்தமற்றது. நோயாளியைத் தொட்டுக் கற்க வேண்டியதை நேரிற் கற்கட்டும். மற்றையவற்றுக்கு வீடு போதும். பன்னிரண்டு ஆண்டுகள் விடுதியில் கற்றதைச் செய்முறைத் திறன் பரீட்சை மூலம் அளந்து, அதற்குரிய பாட அலகுகளிலிருந்து விலக்களிப்பதும் பல நாடுகளில் வழமையாக உள்ளது.

பதில் தாதி இல்லாமல் விடுமுறை வழங்க முடியாது என்ற வைத்தியசாலை நிர்வாகங்களின் நியாயத்தையும் நாம் ஏற்கின்றோம். ஆயினும், கிண்ணியா, மூதூர், கந்தளாய், திருகோணமலை ஆகிய நான்கு வைத்தியசாலைகளும் சேர்ந்து, ஆண்டொன்றுக்கு எத்தனை பேர் படிக்கச் செல்வது என்று முற்கூட்டியே தீர்மானித்தால் கடமை அட்டவணையை அதற்கேற்ப வகுக்கலாம். இப்பொழுது நடப்பது, ஒவ்வொருவரும் தனித்தனியே விண்ணப்பித்து, தனித்தனியே மறுக்கப்படுவது.

ஊரவரின் பங்கும் உண்டு. ஸகாத் நிதியில் ஒரு பகுதியை மாணவர் கல்விக்கு ஒதுக்கும் வழக்கம் நமது பள்ளிவாசல்கள் பலவற்றில் இருக்கின்றது. சம்பளம் பெறும் தாதி ஒருவர் ஸகாத்துக்கு உரியவரா என்ற கேள்வியை உலமாக்கள் தீர்க்கட்டும். அழகிய கடன் வழங்குவதற்கு அந்தத் தடை இல்லை. முதலாம் ஆண்டுக் கட்டணத்தையும் பயணச் செலவையும் வட்டியின்றிக் கொடுத்து, பட்டம் முடிந்த பின் மாதாந்தம் சிறு தொகையாகத் திரும்பப் பெற்று, அதையே அடுத்த தாதிக்குக் கொடுக்கலாம். கிண்ணியாவின் தாதியருள் ஆலங்கேணியிலிருந்து வரும் தமிழ்ப் பெண்களும் இருக்கின்றனர். வைத்தியசாலைக் கட்டிலில் இரு சமூகத்தவரும் அடுத்தடுத்தே படுத்திருக்கின்றனர் என்பதால், அத்தகைய நிதி இரு சமூகத்துத் தாதியருக்கும் பொதுவாக அமைவதே முறையாகும்.

திறந்த பல்கலைக்கழகம் புதிய ஆண்டுக்கான விண்ணப்பங்களை நாளிதழ்கள் வாயிலாகவும் இணையத்தளத்திலும் கோருகின்றது. விண்ணப்பிக்க எண்ணும் தாதியர் தமது டிப்ளோமாச் சான்றிதழையும் தாதியர் சபைப் பதிவையும் இப்பொழுதே சரிபார்த்து வைத்துக்கொள்ளட்டும். பெயரின் எழுத்துக்கள் பிறப்புச் சான்றிதழில் ஒருவாறும் பதிவில் வேறொருவாறும் இருக்குமாயின் அதைத் திருத்துவதற்கே மாதங்கள் பல கழிந்துவிடும். முஸ்லிம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதுவதில் நமது அலுவலகங்கள் காட்டும் தாராளத்தை அறிந்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.